வலிமையில் குறையில்லை, ஆனாலும் தூண் வெடித்தது: வெள்ளம் புகுந்த ஒரு கடலோர வீட்டின் கான்கிரீட்

“முதலில் இந்தக் கோப்பைப் பாருங்கள் தம்பி, தூணைப் பிறகு பார்க்கலாம்” என்றார் வீட்டுக்கார அம்மா. வீடு கட்டியபோது ஒவ்வொரு வார்ப்புக்கும் எடுத்த கனசதுர மாதிரிகளின் சோதனை அறிக்கைகள் தேதிவாரியாக அதில் இருந்தன. 28 நாள் வலிமை, சதுர மில்லிமீட்டருக்கு 27 முதல் 31 நியூட்டன். வரைபடம் கேட்டது 25தான். ஒரு மாதிரிகூடத் தோற்கவில்லை. கோப்பை மூடிவிட்டுத் தரைத்தளத் தூண் ஒன்றின் அடியில் சிறு சுத்தியலால் தட்டினேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு கான்கிரீட் சில்லு பெயர்ந்து விழுந்தது. உள்ளே, நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டியிருந்த வளையக் கம்பி தொட்டதும் பொடியாக உதிர்ந்தது.

“அறிக்கையெல்லாம் பொய்யா?” என்று கேட்டார். பொய்யில்லை. அந்த அறிக்கைகள் உண்மை, சில்லும் உண்மை. இரண்டும் எப்படி ஒரே வீட்டில் இருக்க முடியும் என்பதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஆறு வாரங்கள் பிடித்தன.

வீடும் வெள்ளமும்

கடலிலிருந்து அரைக் கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், ஆற்றுக் கழிமுகத்தை ஒட்டிய மனை. தரைத்தளமும் ஒரு மாடியும். தூணும் உத்திரமும் சுமக்கும் அமைப்பு. 12 தூண்கள், ஒவ்வொன்றும் 230க்கு 300 மில்லிமீட்டர். நான் போனபோது வீட்டின் வயது 11. அதற்குள் மூன்று வெள்ளம் பார்த்துவிட்டது. மூன்றாம் ஆண்டில் தண்ணீர் வாசற்படியோடு நின்றுவிட்டது. ஆறாம் ஆண்டில் வெளியே தரைமட்டத்துக்கு மேல் 45 சென்டிமீட்டர் நின்றது. கதவிடுக்குகளை அடைத்து, மணல் மூட்டை அடுக்கி, உள்ளே வராமல் தடுத்துவிட்டார்கள். ஒன்பதாம் ஆண்டில் தடுக்க முடியவில்லை. 70 செ.மீ. தண்ணீர் இரண்டரை நாள் கூடத்துக்குள் நின்றது. ஆற்றுநீர் வடிய வேண்டிய வேளையில் கடலில் ஓதம் ஏறியிருந்ததால் வந்தது கலப்பு நீர். வாயில் பட்டபோது கரித்ததாக அந்த அம்மா சொன்னார்.

எனக்கு முன்பே இருவர் வந்து பார்த்திருந்தார்கள். ஒருவர், இடித்துவிடுங்கள் என்றார். மற்றவர், சுரண்டிப் பூசினால் போதும் என்றார். இரண்டுமே ஒரு துளைகூடப் போடாமல் சொன்ன தீர்ப்புகள். அமெரிக்காவின் ஃபுளோரிடா கடற்கரையில், சர்ஃப்சைடு என்ற ஊரில், 2021 ஜூன் 24 அன்று அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று சரிந்து 98 பேர் இறந்ததிலிருந்து, கடலோரத்தில் ஒரு விரிசலைக் கண்டாலே ‘இது விழுமா’ என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை. அந்தப் பல மாடிக் கட்டடத்தோடு இந்த வீட்டை ஒப்பிட முடியாது என்றாலும், அங்கே 2018இல் ஒரு பொறியாளர் எழுதிய அறிக்கை சுட்டிய குறைகளில் ஒன்று, நீச்சல்குளத் தளத்தின் நீர்காப்பு அடுக்கு சரிவே இல்லாமல் சமமாகப் போடப்பட்டிருந்தது என்பது. தண்ணீர் எங்கே தங்குகிறது என்று தேடுவதில்தான் எங்கள் வேலையும் தொடங்கியது.

தரைத்தளத்தில் 12 தூண்களில் 7 தூண்கள், மூலையோரமாக நெட்டுக்குத்தாக வெடித்திருந்தன. விரிசல் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொடங்கி, ஒரு மீட்டரைத் தாண்டியதும் நின்றுவிட்டது. அதற்கு மேல் தூண் சுத்தமாக இருந்தது. மாடியில் ஒரு கீறல்கூட இல்லை. பாரம் தாங்காத தூண் இப்படி வெடிக்காது. கம்பியின் ஓரமாகவே ஓடும் நேர்க்கோட்டு விரிசல், உள்ளே துரு பிடித்த கம்பி தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளக்கிறது என்பதன் அடையாளம். துரு, தான் தின்ற இரும்பைப் போல 2 முதல் 6 மடங்கு வரை இடம் கேட்கும். அந்த இடத்தைக் கான்கிரீட் கொடுக்காது.

கடல் மணலா?

“கடல் மணலில் கட்டியிருப்பார்கள் ஐயா” என்றார் கூட வந்த மேஸ்திரி. முதல் சந்தேகம் எப்போதும் இதுதான். அக்கம்பக்கத்தாரும் அதையே சொல்லி, பழைய ஒப்பந்தக்காரரை ஏற்கெனவே குற்றவாளியாக்கி இருந்தார்கள்.

இதைத் தீர்க்க எளிய வழி ஒன்று உண்டு. தூணில் படிப்படியாகத் துளையிட்டு, ஒவ்வொரு 10 மில்லிமீட்டர் ஆழத்துப் பொடியையும் தனித்தனிப் பையில் சேர்த்து, அதிலுள்ள குளோரைடை, அதாவது உப்பின் கூறை, அளக்க வேண்டும். உப்பு கலவையிலேயே இருந்திருந்தால், வெளியிலும் உள்ளேயும் ஏறத்தாழ ஒரே அளவுதான் காட்டும். வெளியிலிருந்து வந்திருந்தால் மேற்பரப்பில் மிகுந்தும் உள்ளே போகப்போகக் குறைந்தும் இருக்கும்.

தரையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில் கிடைத்த அளவுகள், சிமென்டின் எடையில் இத்தனை விழுக்காடு என்ற கணக்கில்: முதல் 10 மி.மீ. ஆழத்தில் 1.6, 10 முதல் 20 வரை 0.9, 20 முதல் 30 வரை 0.5, 40 முதல் 50 வரை 0.15, 60ஐத் தாண்டியதும் 0.06. அதே தூணில் 2 மீட்டர் உயரத்தில் மேற்பரப்பிலேயே 0.12தான். ஆகவே மணல் நல்ல மணல், கலந்த தண்ணீரும் நல்ல தண்ணீர். உப்பு பிறகு வந்தது, அதுவும் கீழிருந்து. பழைய ஒப்பந்தக்காரர் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டார். வேறொன்றில் மாட்டிக்கொண்டார், அதற்குப் பிறகு வருகிறேன்.

இங்கே 0.4 விழுக்காடு என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நல்ல கான்கிரீட்டின் துளைகளில் இருக்கும் நீர் கடுமையான காரத்தன்மை கொண்டது, பி.எச். 12.5க்கு மேல். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உருவாகி, அதைத் துருவிலிருந்து காக்கிறது. அந்தப் படலம் உடைய இரண்டு வழிகள் உண்டு. காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே புகுந்து காரத்தைத் தணிப்பது ஒன்று. குளோரைடு வந்து படலத்தை இடையிடையே துளைப்பது மற்றொன்று. கம்பி இருக்கும் ஆழத்தில் குளோரைடு சிமென்டின் எடையில் 0.4 விழுக்காட்டை எட்டினால் ஆபத்து தொடங்குகிறது என்பது துறையில் பரவலாகப் பின்பற்றப்படும் தோராயம். கரியமில வாயுவின் பங்கைப் பார்க்க, புதிதாக உடைத்த பரப்பில், காரம் இருந்தால் இளஞ்சிவப்பாக மாறும் ஃபினால்ஃப்தலீன் தெளித்தோம். வெளி 5 முதல் 8 மி.மீ. மட்டும் நிறமின்றி நின்றது, உள்ளே எல்லாம் இளஞ்சிவப்பு. 11 ஆண்டுக் கான்கிரீட்டுக்கு இது சாதாரணம். அந்த வாயுவுக்கும் விடுதலை.

நனைந்து காயும் பட்டை

ஏன் அந்த ஒரு மீட்டர் மட்டும்? வெள்ளம் இரண்டரை நாள்தான் நின்றது. கான்கிரீட்டைத் தண்ணீரில் ஊறவைத்தால் அது கெடுவதில்லை; உண்மையில் ஊறியே கிடக்கும் கான்கிரீட்டில் கம்பி நீண்ட காலம் பத்திரமாக இருக்கும். துருவுக்கு ஆக்சிஜன் வேண்டும். காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகத்தான் ஆக்சிஜன் தண்ணீரில் பரவுகிறது.

கேடு, வெள்ளம் வடிந்த பிறகான வாரங்களில் நடக்கிறது. காய்ந்த கான்கிரீட் உப்புநீரைத் திரி எண்ணெய் உறிஞ்சுவது போல உறிஞ்சும். பிறகு வெயில் அடித்ததும் நீர் மட்டும் ஆவியாகி வெளியேறும், உப்பு உள்ளேயே தங்கிவிடும். அடுத்த நனைப்பில் இன்னும் கொஞ்சம் உப்பு வரும், முன்பு தங்கிய உப்பு இன்னும் சற்று உள்ளே தள்ளப்படும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 19 கிராம் குளோரைடு. கழிமுகத்து வெள்ளத்தில் அதைவிடக் குறைவுதான். ஆனால் நனைந்து காய்வது மறுபடி மறுபடி நடந்தால், வந்த நீரில் இருந்ததைவிடச் செறிவான உப்பு தூணுக்குள் சேர்ந்துவிடும். வெள்ளமில்லாத மாதங்களிலும் இந்த வீட்டில் அது நின்றபாடில்லை. மனைக் கிணற்று நீரே உப்பு. ஈரம் மண்ணிலிருந்து தூண் வழியே ஏறிக்கொண்டேதான் இருந்தது. வெள்ளம் அந்தக் கணக்கில் பெரிய தவணைகளைக் கட்டியது, அவ்வளவுதான்.

அந்த அம்மாவின் நம்பிக்கையைக் குலைத்த செய்தி இதற்கடுத்து வந்தது. இரண்டாம் வெள்ளத்துக்குப் பிறகு சுவரும் தூணும் ஈரம் குடிக்காமலிருக்க, தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்துக்கு டைல் ஒட்டியிருந்தார். வெளியிலிருந்து வரும் நீருக்கு அது தடையாகியிருக்கலாம். ஆனால் கீழிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழி இல்லாமல் டைலுக்கு மேலே போய்த்தான் ஆவியானது. விரிசல் ஒரு மீட்டர் வரை ஏறியதற்கு டைலும் ஒரு காரணம். அதைச் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. அழகாகத்தான் ஒட்டியிருந்தார்கள்.

கம்பியில் துரு எந்த அளவுக்கு ஓடுகிறது என்று உடைக்காமல் ஊகிக்க, கம்பியின் மின்னழுத்தத்தைப் பார்க்கும் அரைமின்கல அளவீடு செய்தோம். செம்புச் சல்ஃபேட் மின்முனையோடு ஒப்பிடும்போது அளவு −200 மில்லிவோல்டுக்கு மேல் இருந்தால் துரு இல்லாமலிருக்க 90 விழுக்காட்டு வாய்ப்பு, −350க்குக் கீழே இறங்கினால் துரு ஓட 90 விழுக்காட்டு வாய்ப்பு; இடைப்பட்டதில் எதுவும் சொல்ல முடியாது. இதுவே அமெரிக்கத் தரமுறை ஏ.எஸ்.டி.எம். சி876 வழக்கமாக்கிய வாசிப்பு. 7 தூண்களின் கீழ்ப்பகுதி −410 முதல் −480 வரை. 3 தூண்கள் இடைப்பட்ட சந்தேக நிலை. 2 தூண்கள் நலம். தரைக்குக் கீழே, ஈர மண்ணுக்குள் ஓர் அளவு −600ஐயும் தாண்டியது. மேஸ்திரி பதறினார். நான் பதறவில்லை. நீரில் ஊறி ஆக்சிஜன் இல்லாத இடத்திலும் மின்னழுத்தம் இப்படித்தான் ஆழத்துக்குப் போகும்; கருவி வாய்ப்பைச் சொல்லுமே தவிர வேகத்தைச் சொல்லாது. பின்னால் அடித்தளம் வரை தோண்டியபோது அந்த இடத்தில் கம்பி கருநீலமாக, முழு விட்டத்தோடு இருந்தது. அதற்கு ஒரு முழம் மேலே அதே கம்பி கண்ணுக்குத் தெரியும்படி தேய்ந்திருந்தது. சேற்றுக்குள் கிடந்த கம்பி நன்றாக இருந்ததையும் கூடத்துக்குள் நின்ற கம்பி போய்விட்டதையும் கம்பி கட்டுபவர் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

40 மில்லிமீட்டர் எங்கே போனது?

கம்பிக்கு வெளியே நிற்கும் கான்கிரீட்டின் கனத்தைத் தொழிலில் கவர் என்கிறோம். வரைபடத்தில் தூணுக்குக் கவர் 40 மி.மீ. அளவுக்கருவி காட்டியது 12 முதல் 18.

மேலே தந்த குளோரைடு அளவுகளுக்குத் திரும்பிப் போங்கள். 15 மி.மீ. ஆழத்தில் 0.9 விழுக்காடு, எல்லையைப் போல இருமடங்குக்கும் மேல். 40க்கு மேற்பட்ட ஆழத்தில் 0.15, எல்லைக்கு வெகு கீழே. அதே கலவை, அதே மூன்று வெள்ளம், அதே டைல். கம்பி வரைபடம் சொன்ன இடத்தில் இருந்திருந்தால் 11ஆம் ஆண்டிலும் அது தூங்கிக்கொண்டுதான் இருந்திருக்கும். ஸ்வீடனைச் சேர்ந்த ஆய்வாளர் டூட்டி 1982இல் முன்வைத்த விளக்கத்தில் கம்பியின் வாழ்க்கை இரண்டு கட்டங்களாகப் பிரிகிறது. உப்பு கம்பியை எட்டும்வரையுள்ள அமைதிக் காலம் ஒன்று, எட்டிய பின் துரு ஓடும் காலம் மற்றொன்று. முதல் கட்டத்தின் நீளம் தோராயமாகக் கவரின் வர்க்கத்தைச் சார்ந்தது. கவரைப் பாதியாக்கினால் அமைதிக் காலம் பாதியாவதில்லை, கால்வாசியாகிவிடும்.

எப்படிக் குறைந்தது? பழைய கம்பி வேலையைச் செய்தவர் அதே ஊரில்தான் இருந்தார். கூப்பிட்டதும் வந்தார், மறைக்கவும் இல்லை. 230 அகலத் தூணில் இருபுறமும் 40 விட்டால் வளையத்தின் வெளி அகலம் 150தான் வரும். “அவ்வளவு சின்ன வளையத்தில் கம்பியெல்லாம் நெருக்கியடித்து நிற்கும் ஐயா. கலவை இறங்காது, வைப்ரேட்டர் ஊசி போகாது. 200க்கு வெட்டினால் வேலை சுலபம்” என்றார். இருபுறமும் மிஞ்சியது 15. கம்பியைப் பலகையிலிருந்து தள்ளி நிறுத்தும் கவர் பிளாக்குகளுக்குப் பதில் ஜல்லிக்கல்லைச் செருகியிருந்தார்கள். வார்க்கும்போது அவற்றில் சில நழுவி விழுந்து, கூடு ஒரு பக்கமாகச் சாய்ந்தும் இருந்தது.

ஒப்பந்தக்காரர் இதில் மாட்டிக்கொண்டார் என்றேன். ஆனால் அவர் மட்டுமல்ல. தூண் ஏன் 230? சுவர்க் கனம் 230 என்பதால். தூண் சுவருக்குள் ஒளிந்துகொள்ள வேண்டும், அறைக்குள் துருத்தக் கூடாது என்று வரைபடக் கட்டத்திலேயே எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். வீட்டுக்காரர், வரைந்தவர், கணக்குப் போட்டவர் என்று அந்த மேசையில் உட்கார்ந்த அத்தனை பேருக்கும் பங்குண்டு. 40 என்று எழுதிவிட்டு, 40க்கு இடமில்லாத ஒரு தூணைக் கொடுத்தார்கள். இடமில்லாத இடத்தில் கம்பி கட்டுபவர் தனக்குத் தெரிந்த வழியில் இடம் பண்ணிக்கொண்டார். கடலோரத்துக்கு 40கூடக் குறைவு. இந்தியத் தரநூல் ஐ.எஸ். 456 (2000ஆம் ஆண்டுப் பதிப்பு) கடலோரச் சூழலில் நிற்கும் கான்கிரீட்டைக் ‘கடுமை’ என்ற வகையில் வைத்து, 30 நியூட்டன் தரம், நீர்–சிமென்ட் விகிதம் 0.45க்கு மிகாமை, கவர் 45 மி.மீ. என்று கேட்கிறது. ஐரோப்பியத் தரநூல் இ.என். 206, உப்புக்காற்று படும் இடம், மூழ்கியே இருக்கும் இடம், அலையும் ஓதமும் நனைக்கும் இடம் என்று மூன்றாகவே பிரித்து, கடைசியானதை மிகக் கடுமையானதாக வைக்கிறது. வெள்ளம் வந்து போகும் இந்த வீட்டின் கீழ் ஒரு மீட்டர், என் கணிப்பில், அந்த மூன்றாவது வகையின் பக்கத்து வீடு.

கோப்பில் இருந்த 27, 31 பற்றி இப்போது சொல்லலாம். தூணிலிருந்து உருளை மாதிரிகள் எடுத்துச் சோதித்தோம். சராசரி 23 நியூட்டன். மாதிரிகளின் சராசரி, கேட்ட தரத்தில் 85 விழுக்காடு இருந்தால் ஏற்கலாம் என்பது விதி; 25க்கு அது 21.25. வலிமையில் தூண் மறுபடியும் தேறிவிட்டது. ஆனால் உருளை மாதிரி தூணின் நடுவயிற்றைச் சோதிக்கிறது. கனசதுரமோ 28 நாள் தொட்டித் தண்ணீரில் சொகுசாகக் கிடந்து பிறகு சோதனைக்குப் போனது. தூணுக்கு மூன்று நாள் ஈரச்சாக்கு சுற்றியதோடு சரி. கியூரிங் எனப்படும் அந்த ஈரம் காக்கும் வேலை குறைந்தால், முதலில் காய்ந்து நுண்துளை மிகுவது வெளித்தோல், அதாவது கவர். நடுவயிறு தன் ஈரத்திலேயே முற்றிவிடும். ஆக, எந்தச் சோதனையும் தொடாத அந்த 15 மில்லிமீட்டரில்தான் வீட்டின் ஆயுள் இருந்தது. உப்பு எவ்வளவு சுலபமாக நுழைகிறது என்று கேட்கும் சோதனை ஒன்றுகூட அந்தத் தடித்த கோப்பில் இல்லை.

தூணின் அடிப்பகுதிக்கு இன்னொரு துரதிருஷ்டமும் உண்டு. தூண் நிற்கும் இடத்தைக் குறிக்க ஒரு சாண் உயரத்துக்கு முதலில் வார்க்கும் ஸ்டார்ட்டரைக் கையால் கலந்து போட்டிருந்தார்கள். அதன் மேல் 3 மீட்டர் உயரத்திலிருந்து கலவையைக் கொட்டியதில் ஜல்லி முதலில் போய் அடியில் குவிந்து, தேன்கூடு போல ஓட்டை விட்டிருந்தது. வெள்ளம் தொடும் இடமும் கான்கிரீட் மிக மட்டமாக இருந்த இடமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

ஒட்டுப் போட்ட இடத்துக்கு மேலே

இரண்டாம் வெள்ளத்துக்குப் பிறகு மூன்று தூண்களில் லேசான விரிசல் தெரிந்ததும், பெயர்ந்த இடத்தை மட்டும் கொத்திச் சிமென்டுக் கலவை பூசியிருக்கிறார்கள். ஒட்டுகள் இன்றும் கெட்டியாக இருந்தன. புது வெடிப்புகள் சரியாக அவற்றின் மேல்விளிம்பில் தொடங்கின. “பூசியவன் ஏமாற்றிவிட்டான்” என்பது அந்த அம்மாவின் முறையீடு. அவன் ஏமாற்றவில்லை என்பதே சிக்கல்.

துரு ஒரு மின்வேதிச் செயல். ஒரே கம்பியில் ஓரிடம் அரிபடும்போது, அதையொட்டிய இடங்கள் அதன் செலவில் காக்கப்படுகின்றன. அரிபட்ட இடத்தைச் சுத்தம் செய்து காரம் மிகுந்த புதுக் கலவையால் மூடினால், அந்த இடம் காக்கப்படும் பக்கமாக மாறுகிறது. சுற்றிலும் உப்பேறிய பழைய கான்கிரீட் அப்படியே இருக்கிறது. இதுவரை காக்கப்பட்ட கம்பி இப்போது அரிபடும் முறைக்கு வந்துவிடும். ஒட்டு எவ்வளவு நன்றாக இருக்கிறதோ, பக்கத்து இடத்துக்கு அவ்வளவு கேடு. இது கடலோரப் பழுதுவேலையில் திரும்பத் திரும்ப நடக்கும் கதை. விரிசல் எங்கே முடிகிறதோ அங்கே கொத்துவதை நிறுத்துகிறோம். உப்பு அங்கே நிற்பதில்லை.

மிதந்த தொட்டியும் தூக்கிய தரையும்

தூண்களைவிட அக்கம்பக்கத்தாருக்கு வேடிக்கையாக இருந்தது வாசலோரத்துத் தரைக்கீழ்த் தண்ணீர்த் தொட்டிதான். மூன்றாம் வெள்ளத்துக்குப் பின் அது ஒருபக்கமாக 11 செ.மீ. மேலே எழுந்து, குழாயை முறித்துக்கொண்டு நின்றது. வெள்ளம் தூக்கியதென்று எல்லோரும் நினைத்தார்கள். தூக்கியது மோட்டார். வெள்ளம் வடிந்த மறுநாளே, சேறு கலந்துவிட்டதே என்று தொட்டியை முழுக்க இறைத்துக் கழுவியிருக்கிறார்கள். தெருவில் தண்ணீர் இல்லை. ஆனால் மண்ணுக்குள் நீர்மட்டம் இன்னும் தரையோடுதான் நின்றது.

வெளி அளவு 3 மீட்டருக்கு 2 மீட்டர், உயரம் 2 மீட்டர். சுவர் 125, அடித்தளம் 150, மூடி 100 மி.மீ. வெளிக் கனஅளவு 12 கனமீட்டர். அது இடம்பெயர்க்கும் நீரின் எடை 12 டன். உள்ளே காலி இடம் 8.4 கனமீட்டர் போக, கான்கிரீட் 3.6 கனமீட்டர், எடை ஏறத்தாழ 8.6 டன். காலித் தொட்டியை 3.4 டன் விசை மேலே தள்ளுகிறது. குழைந்த மண்ணின் பிடி அதற்கு முன் ஒன்றுமே இல்லை. உள்ளே 70 செ.மீ. தண்ணீர் விட்டு வைத்திருந்தால் சமன்பட்டிருக்கும். சேறான தண்ணீராகவே இருந்திருந்தாலும் பரவாயில்லை.

மூலை அறைத் தரை வெடித்த கதையும் இதே கணக்குதான், ஆண்டு மட்டும் வேறு. ஆறாம் ஆண்டில் தண்ணீரை வெளியிலேயே நிறுத்திய வெற்றியின் விலை அது. 100 மி.மீ. தரைக் கான்கிரீட்டும் டைலும் அதன் படுகையும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 300 கிலோ கீழே அழுத்தும். வெளியே 45 செ.மீ. நீர் நின்றால், தளத்தின் அடிமட்டத்தில் 55 செ.மீ. நீரழுத்தம் வரக்கூடும், சதுர மீட்டருக்கு 550 கிலோ மேல்நோக்கி. மண் வழியே அழுத்தம் முழுமையாக வந்துசேர நேரம் பிடிக்கும் என்பதால்தான் ஓர் அறையோடு போயிற்று. ஒன்பதாம் ஆண்டில் தண்ணீர் உள்ளே வந்தபோது தரைக்கு ஒன்றும் ஆகவில்லை. சாதாரண வீட்டுச் சுவரை வைத்து 90 செ.மீ.க்கு மேல் தண்ணீரைத் தடுக்க முயல வேண்டாம் என்று அமெரிக்கப் பேரிடர் முகமை வழிகாட்டுவது சுவருக்காக. தரை அதற்கு வெகு முன்பே கைவிரித்துவிடும்.

பழுது

இடிக்க வேண்டியதில்லை என்று முடிவுக்கு வந்தோம். மாடி நலம், உத்திரங்கள் நலம், அடித்தளக் கம்பி நலம். கெட்டது நடுவில் உள்ள ஒரு மீட்டர். ஆனால் அந்த ஒரு மீட்டர்தான் எல்லாவற்றையும் சுமக்கிறது. மிக மோசமான இடத்தில் 16 மி.மீ. கம்பி 13.5ஆகத் தேய்ந்திருந்தது. விட்டத்தில் சிறு குறைவாகத் தெரியும். பரப்பில் 29 விழுக்காடு இழப்பு. வளையங்கள் பல இடங்களில் அறுந்தே போயிருந்தன.

7 தூண்களோடு, சந்தேக நிலையிலிருந்த மூன்றில் ஒன்றையும் சேர்த்து 8 தூண்களுக்கு உறை போடத் திட்டமிட்டோம். தளத்துக்கு இரும்பு முட்டு கொடுத்து, ஒருநேரத்தில் அடுத்தடுத்து இல்லாத இரண்டு தூண்களை மட்டும் தொட்டோம். டைலை உரித்து, அடித்தளம் வரை தோண்டி, விரிசலைப் பார்க்காமல் குளோரைடு அளவைப் பார்த்தே 1.5 மீட்டர் உயரம்வரை கொத்தினோம். கம்பிக்குப் பின்னால் 25 மி.மீ. இடைவெளி விழும்வரை கொத்துவதுதான் வேலையிலேயே அலுப்பானது. அங்கேதான் ஆட்கள் மேலோட்டமாக விட்டுவிடுவார்கள். ஒரு தூணில் அப்படி விட்டிருந்ததைப் பார்த்து மறுபடி கொத்த வைத்தேன். இரண்டு நாள் மேஸ்திரி என்னோடு சரியாகப் பேசவில்லை.

பிறகு நல்ல தண்ணீரால் அழுத்தமாகக் கழுவி, கம்பியை மணல் பீய்ச்சித் துடைத்து, தேய்ந்தவற்றுக்குத் துணைக்கம்பி கொடுத்து, புது வளையங்கள் கட்டினோம். எபாக்சி பூசிய கம்பி போடலாமா என்று அந்த அம்மா கேட்டார். ஃபுளோரிடா கீஸ் தீவுகளின் பாலங்களில் அப்படிப் பூசிய கம்பிகளே, கட்டிச் சில ஆண்டுகளில், 1986 முதல் அரிக்கத் தொடங்கியது பதிவான செய்தி. பூச்சு கீறாமல் வளைத்துக் கட்டும் ஒழுங்கு எங்கள் வேலையிடத்தில் இல்லை என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்றேன்.

உறை நான்கு பக்கமும் 100 மி.மீ.; கவர் 50; கவர் பிளாக்குகளை அதே கலவையில் நாங்களே வார்த்தோம். சிமென்டில் பாதிக்கு இரும்பாலைக் கசடுத் தூள், நீர் விகிதம் 0.40, ஜல்லி 10 மி.மீ. கசடு சேர்ந்த கலவை உப்பை எளிதில் விடாது, ஆனால் மெதுவாக முற்றும். ஆகவே 14 நாள் ஈரம் காயாமல் சுற்றி வைத்தோம். சென்ட்ரிங் பலகையில் இடுப்பு உயரத்தில் வாய் வைத்து அதன் வழியே வார்த்தோம், மேலிருந்து கொட்டவே இல்லை. பழைய கான்கிரீட்டும் புதியதும் சந்திக்கும் மேல்விளிம்பில், ஒட்டுக் கதை மறுபடி நிகழாமலிருக்கத் துத்தநாகத் துண்டுகளைக் கம்பியோடு கட்டிப் புதைத்தோம். கம்பிக்குப் பதில் துத்தநாகம் அரிபடும். அது தீரும்வரைதான் அந்தக் காவல்.

230க்கு 300ஆக இருந்த தூண் 430க்கு 500ஆனது. “கூடத்துக்குள் இப்படி நீட்டிக்கொண்டு நிற்குமா தம்பி?” என்றார். நிற்கும் என்றேன். 11 ஆண்டுக்கு முன் மேசையில் தவிர்த்த அதே துருத்தல், இரண்டு மடங்காக. தொட்டிக்கு, அடித்தளத்தை வெளியே நீட்டி மண் எடை அதன்மேல் உட்காரும்படி மாற்றிக் கட்டினோம். மூடியின் மேல், மழை எச்சரிக்கை வந்தால் நிரப்பி வைக்கவும் என்று வர்ணத்தில் எழுதினார் அவருடைய பேரன்.

அதன் பிறகு

மீதமிருந்த இரண்டு சந்தேகத் தூண்களையும் உறையிடலாம் என்று சொன்னேன். கூடம் முழுக்கத் தூணாகிவிடும் என்று அவர் மறுத்தார். அளவு அப்போது −260, −240. கட்டாயப்படுத்த என்னிடம் சான்றில்லை. டைலை மட்டும் உரித்து, சுவாசிக்கும் சுண்ணாம்புப் பூச்சு கொடுத்து விட்டோம்.

14 மாதம் கழித்து நான்காம் வெள்ளம் வந்தது, 35 செ.மீ. இந்த முறை கதவை அடைக்கவில்லை, தொட்டி நிறைந்திருந்தது, தண்ணீர் வடிந்ததும் மூன்று நாள் தொடர்ந்து நல்ல தண்ணீரால் தூண்களின் அடியைக் கழுவியிருக்கிறார்கள். உறையிட்ட எட்டில் சுத்தியல் ஓசை கணீரென்று இருக்கிறது. உறையிடாத இரண்டில் ஒன்று −245இல் நிற்கிறது. மற்றது −370. வெளியே இன்னும் ஒரு கீறலும் தெரியவில்லை. அந்த அம்மா அளவை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, கோப்பைத் திறந்து, கனசதுர அறிக்கைகளுக்கு மேலே வைத்துக் கட்டினார். முட்டு கொடுக்கும் இரும்புகள் எப்போது வரும் என்று கேட்டார்.